கோவில்பட்டி ஹாக்கி அணி சென்னைக்குப் போக: ரயிலா, வேனா?

ரயில்தான் என் முதல் தேர்வு. பிள்ளைகள் இரவெல்லாம் கால் நீட்டித் தூங்கி, காலையில் எழும்பூரில் இறங்கலாம். படுக்கை வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ வரை சுமைக்குக் கட்டணமில்லை. தொல்லை கோல்கீப்பரின் பைதான். பேடுகளும் ஹெல்மெட்டும் திணித்த அந்த மூட்டை கீழ்ப் படுக்கைக்கடியில் நுழையாது. வழியில் வைத்தால் போகிறவர் வருகிறவரெல்லாம் திட்டுவார்கள்.

முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும்; போட்டித் தேதியோ பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் தெரியும். அப்போது வேன்தான் கதி. பள்ளி வாசலில் ஏறி மைதானத்தில் இறங்கலாம், மட்டைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம். ஆனால், விடிய விடிய உட்கார்ந்து வந்த பையன் காலை ஆட்டத்தில் எப்படி ஓடுவான்? வேன் என்றால் முந்தைய நாள் பகலிலேயே கிளம்புங்கள். இரண்டு ஓட்டுநர்கள் வேண்டும் என்பதை வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள்.