பிரிட்டனா, ஜெர்மனியா: படிப்பு முடிந்த மறுநாளைப் பார்த்து முடிவெடுங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ராஜாஜி சாலைக்குப் போய், ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் நான்கு வருஷம் ஷிப்பிங் பில்லோடு மல்லுக்கட்டியவன் நான். மேலே படிக்கலாம் என்று முடிவானபோது இரண்டு வழிதான் தெரிந்தது: பிரிட்டனில் ஒரு வருஷ மேலாண்மைப் படிப்பு, இல்லை ஜெர்மனியில் இரண்டு வருஷம். அத்தை மகன் லண்டன் போனான், நான் ஹாம்பர்க் போனேன்.

பிரிட்டனில் படிப்பு சீக்கிரம் முடியும், மொழித் தொல்லை இல்லை, ஆனால் கட்டணம் அதிகம். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் கிடையாது. ஒன்று கவனியுங்கள், எம்.பி.ஏ. என்று பெயர் போட்டிருந்தால் அங்கேயும் பெரும்பாலும் பணம் வாங்குவார்கள், அதனால் எம்.எஸ்ஸி. மேலாண்மையைத் தேடுங்கள். விசாவுக்கு 11,904 யூரோ முடக்கக் கணக்கில் போடச் சொல்வார்கள். தொகையைப் பார்த்து அப்பா வீட்டுப் பத்திரத்தைத் தேடப் போய்விட்டார்! அது நம் பணம்தான், மாதம் 992 யூரோவாக நமக்கே திரும்பி வரும்.

சரி, வேலைக்கு வருவோம். படித்து முடித்தபின் வேலை தேட ஜெர்மனியில் 18 மாதம் தருகிறார்கள். பிரிட்டனில் 2 வருஷம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதுவும் 18 மாதம்தான். ஆக இதில் பெரிய வித்தியாசம் இல்லை, அதற்கப்புறம்தான் இருக்கிறது. பிரிட்டனில் நம்மை வைத்துக்கொள்ள கம்பெனிக்கு ஸ்பான்சர் லைசென்ஸ், அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க அரசு தரும் அனுமதி வேண்டும், சம்பளமும் 2025 ஜூலை முதல் பொதுவாக வருஷத்துக்கு 41,700 பவுண்ட், புதிதாகப் படித்து வருபவர்களுக்கு 33,400 பவுண்டாவது இருக்க வேண்டும். அத்தை மகனுக்கு வந்த இரண்டு வேலையும் சரக்குப் போக்குவரத்துதான், இரண்டிலும் சம்பளம் அந்தக் கோட்டுக்குக் கீழே. வேலையைக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள், விசாவுக்குத்தான் வழியில்லை. ஜெர்மனியில் கம்பெனிக்கு அப்படி லைசென்ஸ் எதுவும் வேண்டாம். 45 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிக்கு, படிப்புக்கேற்ற வேலையில் உள்ளூர்க்காரருக்குத் தரும் சம்பளத்தைத் தந்தால் போதும், இவ்வளவுதான் என்று தனித் தொகை கிடையாது. அதிகச் சம்பள வேலைக்குத் தரும் புளூ கார்டு அனுமதிக்கு மட்டும் தனிச் சம்பள வரம்பு உண்டு. பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ்கூட நம்மை எடுக்க முடிவது இதனால்தான்.

இதற்கு நாம் கொடுக்கும் விலை மொழி. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், ஆபீஸ் போன் ஜெர்மனில்தான் அடிக்கும். கிளம்புவதற்கு முன் ஒன்றரை வருஷம், வேலை முடிந்ததும் மெட்ரோ பிடித்து ஆயிரம் விளக்கில் இறங்கி, ரட்லண்ட் கேட்டில் இருக்கும் கோத்தே இன்ஸ்டிட்யூட்டுக்கு நடந்துபோய் ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை வரை முடித்தேன். ஹாம்பர்க்கில் பகுதிநேர வேலைக்கான நேர்காணலில் ஒரு அம்மா காகிதம் ஒன்றைத் தள்ளி, "கொனோசமென்ட் தெரியுமா?" என்றார். பார்த்தால் நம்ம பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது! சரக்கு பெறுபவர் பெயர் தப்பாக விழுந்தால் எப்படித் திருத்த வேண்டும் என்று தட்டுத்தடுமாறி ஜெர்மனிலேயே சொன்னேன். வாரம் 20 மணி நேர வேலை கிடைத்தது, படிப்பு முடிந்ததும் அதே ஆபீசில் நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள்.

நான் பார்த்தது கப்பல், சரக்குத் துறை. ஃபைனான்ஸ், கன்சல்டிங் என்றால் சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டலாம், அப்போது லண்டன் சரியாக வரும். கல்யாணம் ஆனவர்கள் மட்டும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், இப்படி வகுப்பில் படிக்கும் முதுகலைக்குப் போனால் 2024 ஜனவரியிலிருந்து பிரிட்டனுக்குத் துணையை அழைத்துப் போக முடியாது.

ஜெர்மனி என்று முடிவெடுத்தால் நம் படிப்புச் சான்றுகள் உண்மையா என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு முதலில் விண்ணப்பித்துவிடுங்கள், அது இல்லாமல் மாணவர் விசா நகராது. அது வரும்வரை ஜெர்மன் முதல் நிலையான ஏ1 வகுப்பை ஆரம்பித்துவிடலாம்.