நேர மண்டலம்: தானாகக் கண்டறிவதா, பயனரையே தேர்ந்தெடுக்க விடுவதா?

மதுரையிலிருந்து ஆன்லைனில் பாட்டு வகுப்பு நடத்துபவர்களுக்கு ஆப் செய்து தருகிறவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். இங்கே மாலை 6 மணி என்றால் துபாயில் 4.30, சிங்கப்பூரில் இரவு 8.30. லண்டனில்தான் சிக்கல்: குளிர்காலத்தில் பகல் 12.30; கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் 1.30.

வேலை
தானாக: மண்டலத்தின் பெயரை பிரவுசரே சொல்லிவிடும். சில வரி கோடு போதும்.
தேர்வு: செட்டிங்ஸ் பக்கம், டேட்டாபேஸில் ஓர் இடம், தேடும் வசதியுள்ள பட்டியல் என்று வேலை கூடும்.

எளிமை
தானாக: பயனர் எதையும் தொட வேண்டாம்.
தேர்வு: பட்டியலில் மதுரையும் இல்லை, சென்னையும் இல்லை. இந்தியா முழுவதற்கும் 'ஆசியா/கொல்கத்தா'தான். 'இந்தியா' என்று தட்டினாலே அது வரும்படி கட்டாயம் செய்யுங்கள்.

நம்பகம்
தானாக: லேப்டாப்பை இந்திய நேரத்திலேயே வைத்திருக்கும் சிங்கப்பூர்க்காரருக்கு இந்திய நேரத்தைத்தான் காட்டும்.
தேர்வு: சர்வர் அனுப்பும் நினைவூட்டல் மெயிலுக்கு இதுதான் கைகொடுக்கும். அந்த நேரத்தில் கேட்டுப் பார்க்க பிரவுசர் இருக்காதே! ஆனால் மண்டலத்தைப் பெயராகவே சேமியுங்கள். உலகப் பொது நேரத்திலிருந்து எத்தனை மணி வித்தியாசம் என்று வெறும் +0, +1 என எண்ணாக வைத்தால், மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் கடிகாரம் மாறியதும் லண்டன் பிள்ளைகளுக்கு வகுப்பு நேரம் ஒரு மணி நேரம் தப்பாகப் போகும். பாவம், அவர்கள் மேல் தப்பே இல்லை.

வந்து பார்த்துவிட்டுப் போகும் பக்கத்துக்குத் தானாகக் கண்டறிவதே போதும். வகுப்பு, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், நினைவூட்டல் என்றால் பயனரே தேர்ந்தெடுக்கும் வசதி வேண்டும். கண்டறிந்ததை முதலில் நிரப்பி வைத்து, மாற்றிக்கொள்ள விடுங்கள். மதுரை டவுன்ஹால் ரோடு கடைக்கு உள்ளூர் ஆர்டர் எடுக்கும் ஆப்புக்கு இரண்டுமே வேண்டாம், இந்திய நேரம் போதும்.