கொடைக்கானலில் கலப்பத்து தெரிந்த ஒரு படகு ஆசாரி

எங்கள் வீட்டுப் பழைய துடுப்புப் படகில் இரண்டு ஆண்டுகளாக நீர் கசிந்துகொண்டிருந்தது. முதலில் கொடுத்த தச்சுக்கூடத்தில் இடுக்குகளில் பிசினைப் பூசி வண்ணம் அடித்துத் தந்தார்கள். ஒரே மழைக்காலத்தில் அது வெடித்துப் பெயர்ந்தது. இம்முறை மூஞ்சிக்கல் அருகே, தூத்துக்குடியிலிருந்து வந்து தங்கி வேலை எடுக்கும் ஓர் ஆசாரியிடம் ஒப்படைத்தேன். படகைக் கவிழ்த்துப் பார்த்தவர், “பலகைல ஒண்ணும் பழுதில்ல அண்ணாச்சி, கலப்பத்துதான் போயிருச்சு” என்றார்.

மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியைச் செலுத்தி நீர் புகாமல் அடைக்கும் வேலையே கலப்பத்து. பழைய அகராதிகள் இதைக் ‘கலப்பற்று’ என்று எழுதுகின்றன. கலம், பற்று என எளிதாகப் பிரிவதால் இதைத் தமிழ்ச்சொல் என்றே நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால் போர்ச்சுகீசியத்தில் இத்தொழில் செய்பவர் ‘கலஃபாத்தே’, அரபியிலும் துருக்கியிலும் இத்தாலியத்திலும் இதே சொல் சிறு மாற்றங்களுடன் வழங்குகிறது, வங்காளத்தில் ‘கலாபத்தி’. இத்தனை துறைமுகங்களில் ஒரே வேலைக்கு ஏறக்குறைய ஒரே ஒலி இருக்கையில், கப்பலோடு வந்து இறங்கிய சொல்லைத்தான் நம்மவர்கள் கலமாகவும் பற்றாகவும் கேட்டுத் தமதாக்கிக்கொண்டார்கள் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அவர் வேலையை அருகிருந்து பார்த்தேன். ஏராவை, அதாவது படகின் அடிமரத்தை, அடுத்த இடுக்கிலிருந்து பழைய திரியை முழுவதும் கிளறி எடுத்துவிட்டு, எண்ணெயில் ஊறிய புதுத்திரியை மழுங்கிய உளியால் மடித்து மடித்து உள்ளே தள்ளினார். கொட்டாப்புளி என்னும் மரச்சுத்தியலின் ஓசை ‘தொப்’பென்று இருந்தவரை அடித்தார், அது ‘டங்’கென்று மாறியதும் நிறுத்தி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய குழம்பால் மூடினார். மேற்பூச்சை நம்பாமல் இடுக்கின் உள்ளேயே வேலையை முடிப்பதுதான் இவரிடம் நான் கண்ட சிறப்பு.

1863இல் கொடைக்கானல் ஏரியை அமைத்த மதுரை ஆட்சியர் லெவிஞ்ச், முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்துதான் வரவழைத்தார். அவ்வூர்க் கையே இன்றும் இங்கே படகைச் செப்பனிடுவதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

குறை என்றால் தாமதம்தான்: 9 நாளில் தருவதாகச் சொன்னது 16 நாள் ஆனது. கூலி 14,000 ரூபாய். வேலைக்கு அது தகும். நீரில் இறக்கிய அன்று சற்றுக் கசிந்தது. அவர் முன்பே சொல்லியிருந்தபடி, பலகை நீர் குடித்து உப்பியதும் மூன்றாம் நாள் கசிவு நின்றது. கோடை சீசனுக்குப் படகு வேண்டுமென்றால் பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுங்கள்.