இழுவைக் கேரவனுக்கு எந்த ஹீட்டர்: கேஸா, டீசலா?

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேரவன்தான் இங்கே பேச்சு. மோட்டார்ஹோம் என்றால் கணக்கு வேறு. அதில் எஞ்சினுக்கான டீசல் டேங்க் கீழேயே இருப்பதால் ஒரு குழாய் இழுத்தால் ஹீட்டருக்கு எரிபொருள் கிடைத்துவிடும். கேரவனில் டேங்க் கிடையாது. ஆனால் அடுப்புக்காகவும் ஃப்ரிட்ஜுக்காகவும் சிலிண்டர் பெட்டி, ரெகுலேட்டர், கேஸ் குழாய் எல்லாம் முன்பே இருக்கும். அதனால் பெரும்பாலான கேரவன்களுக்கு கேஸ் ஹீட்டரே போதும் என்பது எங்கள் முடிவு. கடுங்குளிரில், மின் இணைப்பு இல்லாத இடத்தில், வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்குத்தான் டீசல் தேவைப்படும்.

கேஸ் பக்கம் முதலில் ட்ரூமா நிறுவனத்தின் எஸ் 3004 ஹீட்டர். சூடு 3.5 கிலோவாட், கேஸ் செலவு மணிக்கு 30 முதல் 280 கிராம். பற்றவைக்கச் சின்ன பேட்டரி செல், வெப்பத்தைப் பார்த்துக்கொள்ள தெர்மோஸ்டாட், அவ்வளவுதான். கேரவனின் 12 வோல்ட் பேட்டரி சுத்தமாகத் தீர்ந்து போனாலும் இது எரியும். காற்றைத் தள்ளும் விசிறியைப் போடாவிட்டால் சத்தமே இல்லை. குளிர் ராத்திரியில் இதைவிட நம்பகமான ஹீட்டரை நாங்கள் சொல்ல மாட்டோம். வெந்நீரும் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் காம்பி 4 இருக்கிறது. 10 லிட்டர் வெந்நீர்த் தொட்டியோடு வரும், மணிக்கு 160 முதல் 320 கிராம் கேஸ் எடுக்கும், ஆனால் 12 வோல்ட் இல்லாமல் ஓடாது. மின்சாரத்தாலும் (900, 1800 வாட்) சூடாக்கும் மாடலை வாங்கினால், மின் இணைப்பு உள்ள முகாம்களில் கேஸைத் தொடவே வேண்டாம். கூடுதல் பணத்துக்குத் தகுந்த பலன் அதில் உண்டு.

கேஸில் வரும் தொல்லைகளில் பாதிக்கு மேல் சிலிண்டரிலிருந்தே வருகிறது. பியூட்டேனின் கொதிநிலை மைனஸ் 0.5 டிகிரி, புரொப்பேனுக்கு மைனஸ் 42. உறைபனியில் பியூட்டேன் திரவமாகவே கிடக்கும், ஆவியாகி மேலே வராது. கலவை சிலிண்டரில் புரொப்பேன்தான் முதலில் அதிகமாக ஆவியாகிப் போகும். தூக்கிப் பார்த்தால் கனமாக இருக்கும், ஆனால் தீ மங்கி அணைந்துவிடும். ஹீட்டர் பழுது என்று எண்ணிக் கழற்றாதீர்கள். குளிர்காலத்துக்குப் புரொப்பேன் மட்டும் உள்ள சிலிண்டரை வாங்குங்கள். அடுத்தது ரெகுலேட்டருக்குள் சேரும் எண்ணெய்ப் பிசுக்கு. ரப்பர் ஹோஸிலிருந்து கசியும் இந்த எண்ணெய் உள்ளே தேங்கினால் 30 மில்லிபார் இருக்க வேண்டிய அழுத்தம் இறங்கிவிடும். ரெகுலேட்டரைச் சிலிண்டர் வாயைவிட உயரத்தில் சுவரில் பொருத்தி, ஹோஸ் மேல்நோக்கிப் போகும்படி வைத்தால் எண்ணெய் திரும்பச் சிலிண்டருக்கே வடியும். இணைப்புகளைச் சோப்பு நுரை பூசிச் சோதியுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் படியும். குளிருகிறது என்று, கசிந்த கேஸ் வெளியேற வைத்திருக்கும் தரைத் துளைகளைத் துணி வைத்து அடைப்பது உயிருக்கே ஆபத்து.

செலவை ஒப்பிட ஓர் எளிய வழி உண்டு. தயாரிப்பாளர் தரும் அளவுகளையே எடுத்துக்கொண்டால், காம்பி 4 ஒரு கிலோ கேஸுக்குச் சுமார் 12.5 கிலோவாட்-மணி சூடு தருகிறது. வெபாஸ்டோ ஏர் டாப் 2000 எஸ்டிசி என்ற டீசல் ஹீட்டர் மணிக்கு 0.12 முதல் 0.24 லிட்டர் டீசலில் 0.9 முதல் 2 கிலோவாட் தருகிறது, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 8 கிலோவாட்-மணி. ஆக, ஒரு கிலோ கேஸ் ஒன்றரை லிட்டர் டீசலுக்குச் சமம். உங்கள் ஊரில் ஒன்றரை லிட்டர் டீசலின் விலையைவிட ஒரு கிலோ கேஸ் மலிவு என்றால் செலவை முன்னிட்டு டீசலுக்கு மாறுவதில் பொருளில்லை. எடையில் மட்டும் டீசல் ஜெயிக்கிறது. 10 லிட்டர் டீசல் எட்டரை கிலோதான். 11 கிலோ கேஸ் நிரம்பிய இரும்புச் சிலிண்டர் 20 கிலோவைத் தாண்டும்.

டீசலில் பலரும் சறுக்குவது அளவில். ஐந்தரை மீட்டர் நீளமுள்ள, நன்றாக இன்சுலேஷன் செய்த கேரவனுக்கு 2 கிலோவாட் போதும். 'பெரிசா இருந்தா நல்லதுதானே' என்று 5 கிலோவாட் வாங்கினால் அது எந்நேரமும் குறைந்த வேகத்திலேயே ஓடும். எரியும் அறை போதிய சூடேறாது, டீசல் முழுதாக எரியாது, கரி படியும். முதலில் அடைபடுவது, டீசலைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கைச் சுற்றியிருக்கும் கம்பி வலை. விரல் நுனி அளவுள்ள அந்த வலை கருத்து இறுகிவிட்டால் டீசல் ஆவியாக வழியில்லை. ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப் புகை வரும், இரண்டு முறை முயன்றுவிட்டு எரர் காட்டி நின்றுவிடும். பிளக்கைக் கழற்றி, பழைய வலையை மூக்குக் குறடால் இழுத்தெடுத்து, அது உட்காரும் குழியிலுள்ள சின்னக் காற்றுத் துளையின் கரியை நீக்கிவிட்டுப் புதிய வலை போட வேண்டும். இது வராமல் தடுக்க, அவ்வப்போது 20 முதல் 30 நிமிடம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். 1500 மீட்டருக்கு மேல் காற்று அடர்த்தி குறைவதால் கரி இன்னும் வேகமாகப் படியும். மலைக்குப் போகிறவர்கள் உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் வசதி உள்ள மாடலையே வாங்க வேண்டும்.

பொருத்தும்போது டீசல் டேங்கையும் பம்பையும் சிலிண்டர் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. கேஸ் கசியக்கூடிய இடத்தில் மின்சாரம் ஓடும் பம்ப் இருப்பது பொறியை அருகில் வைப்பதற்குச் சமம். பம்ப் டேங்குக்குப் பக்கத்தில், வெளிவாய் மேல்நோக்கி 15 முதல் 35 டிகிரி சாய்வில், ரப்பர் பட்டையில் தொங்க வேண்டும். சாய்வு தவறினால் காற்றுக்குமிழி தேங்கித் தீ விட்டுவிட்டு எரியும். ரப்பர் இல்லாவிட்டால் 'டிக் டிக்' சத்தம் தரை முழுக்கக் கேட்கும். டீசல் குழாய் இரண்டு மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள கெட்டி நைலானாக இருக்கட்டும். இணைக்கும் இடத்தில் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டிருக்க வேண்டும். புகைக்குழாய் சரிந்து இறங்கி, சைலன்சரின் தாழ்ந்த இடத்தில் நீர் வடியத் துளை இருக்க வேண்டும். கேரவன் தரை ஃபோம் அடுக்கு என்பதால், சூடான குழாய் அதைத் தொடாதபடி உலோகத் தட்டும் கேஸ்கெட்டும் கட்டாயம்.

ஸ்டார்ட் ஆகும் சில நிமிடங்களில் க்ளோ பிளக் 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும், பிறகு ஒன்று, இரண்டு ஆம்பியரில் அடங்கிவிடும். மெல்லிய வயர் போட்டால் அந்தச் சில நிமிடங்களில் வோல்டேஜ் சரிந்து ஹீட்டர் பற்றாது. பேட்டரி சரியாக இருந்தும் குறை அதன் மேல் விழும். நிறுத்தும்போது சுவிட்சில் அணைத்து விசிறி தானாக நிற்கும்வரை விடுங்கள். பேட்டரி இணைப்பைப் பிடுங்கினால் சூடு வெளியேறாமல் பர்னர் கெடும். குளிர் நாட்டுக்குக் கோடை டீசலோடு போனால் டீசலிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டர் அடைக்கும்.

எதை வாங்கினாலும் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இல்லாமல் தூங்காதீர்கள். புகைக்குழாய் வாய் கேரவனோடு சேர்த்துக் கட்டும் கூடாரத்துக்குள் திறக்கக் கூடாது, பனியும் அதை மூடக் கூடாது.

டீசல் போடுகிறவர்கள் பழைய கேஸ் ஹீட்டரைக் கழற்ற வேண்டாம். பேட்டரி தீர்ந்த ராத்திரியில் எஸ் 3004தான் கைகொடுக்கும். ஹீட்டர், டேங்க், டீசல் மூன்றும் சேர்ந்து 15 கிலோ அளவுக்குக் கூடும். சக்கர அச்சுக்கு அருகே பொருத்தி, கேரவனின் எடைத் தகட்டிலுள்ள அதிகபட்ச எடைக்குள் அதற்கு இடம் இருக்கிறதா என்று ஆர்டர் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.