ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: பக்கத்தில் வைப்பதா, உள்ளே வைப்பதா?

சென்ற மாரியில் ஓர் இரவு ஆரையம்பதியிலிருந்து அக்கா அழைத்தார். மகனின் புதிய மடிக்கணினி நீலத் திரையோடு நின்றுவிட்டது, ஏதோ 48 இலக்க எண்ணைக் கேட்கிறது, கொஞ்சம் வந்து பார்க்க முடியுமா என்றார். கல்லடியிலிருந்து காத்தான்குடியைத் தாண்டினால் ஆரையம்பதி. மழையோடு போய்ச் சேர்ந்தேன். மருமகன் உயர்தரத்தில் ஐசிடி படிக்கிறான். லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் பதியும் ஆசையில், யாரோ சொன்னதைக் கேட்டு, கணினியின் அடிப்படை அமைப்புக்குள் நுழைந்து, நம்பகமான கையொப்பமுள்ள நிரல்களை மட்டும் துவங்க விடும் செக்யூர் பூட்டை அணைத்திருக்கிறான். விண்டோஸ் 11 தன் வட்டைப் பிட்லொக்கர் என்னும் குறியாக்கத்தால் தானே பூட்டி வைத்திருந்ததால் உடனே மீட்புச் சாவியைக் கேட்டது. செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்கியிருந்தால் பெரும்பாலும் பழையபடி திறந்திருக்கும். பதற்றத்தில், வட்டைத் திறக்கும் சாவியைக் காக்கும் டிபிஎம் சில்லில் இருந்ததையும் அழித்துவிட்டான். அதன் பின் சாவியைத் தவிர வேறு வழியில்லை.

அந்தச் சாவி மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அவனுடைய கணக்கில் தேடினோம், இல்லை. விற்ற கடையில் கணினியை முதன்முதலாகத் திறந்தவர் கடையின் சொந்தக் கணக்கால் உள்நுழைந்திருக்கிறார். சாவியும் அங்கேயே தங்கிவிட்டது. மறுநாள் காலை கடைக்கு அழைத்தோம். மறுமுனையில் ஓர் இளைஞர் ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதிகளை வாசித்தார். அவர் வாசிக்க, நான் திருப்பிச் சொல்ல, மருமகன் தட்டினான். ஐந்தாவது தொகுதியில் ஓர் இலக்கம் தவறியதும் திரை அங்கேயே தடுத்தது. ஒவ்வொரு தொகுதியும் 11 ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பதால் தவறு உடனே பிடிபட்டுவிடுகிறது. திருத்தினோம், திறந்தது. அக்கா பெருமூச்சு விட்டார். எனக்கோ அப்போதுதான் கவலை தொடங்கியது: இத்தனை நாளும் இந்த வீட்டுக் கணினியின் சாவி முன்பின் தெரியாத ஒருவரின் கையில் இருந்திருக்கிறது.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை எப்படி வைப்பது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எது எதைப் பார்க்கும், எது எதைக் கெடுக்கும் என்று கேட்பவர் குறைவு. ஆகவே இரண்டு வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

முதல் வழி டூயல் பூட். வட்டைப் பிரித்து விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸைக் குடியமர்த்துவது. கணினியை இயக்கும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கிறோம். தேர்ந்தெடுத்ததற்கு ரேமும் புரோசசரும் முழுவதாகக் கிடைக்கின்றன. பழைய கணினிக்கு இதைவிடப் பெரிய நன்மை இல்லை. இரண்டாவது வழி மெய்நிகர் கணினி. வெர்ச்சுவல்பொக்ஸ் போன்ற ஒரு மென்பொருளை விண்டோஸில் நிறுவி, அதற்குள் ஒரு ஜன்னலில் லினக்ஸை ஓடவிடுவது. இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுவதால் ரேமையும் பங்குபோட வேண்டும். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு 24.04 நடமாட 4 ஜிபி ரேமும் 25 ஜிபி இடமும் வேண்டும். அதைக் கொடுத்த பிறகு விண்டோஸுக்கும் மூச்சுவிட இடம் வேண்டும் என்றால் கணினியில் 8 ஜிபியாவது இருக்க வேண்டும், 16 இருந்தால் நிம்மதி. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கில் மெய்நிகர் கணினி ஓட்டுவது வீண் முயற்சி. சுழலும் பாகம் இல்லாத வேகமான வட்டான எஸ்எஸ்டி இல்லாதவர்கள் இந்த வழியை மறந்துவிடலாம்.

டூயல் பூட்டில் எனக்குப் பயம் தருவது வட்டைப் பிரிக்கும் அந்த அரை மணி நேரம். பகுதியைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் விண்டோஸோடு கோப்புகளும் போய்விடக்கூடும். 2022 இல் நாள் முழுக்க மின்வெட்டைப் பார்த்தவர்கள் நாம். 2025 பெப்ரவரி 9 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் இருண்டது. கார்த்திகை, மார்கழி மழையில் மட்டக்களப்பில் மின்சாரம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மடிக்கணினி என்றால் மின்கலம் நிறைந்திருக்க வேண்டும். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் மழைநாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பதிந்து முடித்த பிறகும் சில்லறைத் தொல்லைகள் உண்டு. விண்டோஸ் கணினியின் உள்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் உலக நேரத்தை எழுதுகிறது. நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி. லினக்ஸில் வேலை முடித்து இரவு 9 மணிக்கு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் பிற்பகல் 3.30 என்று காட்டும். உள்ளூர் நேரத்தைப் பின்பற்றும்படி லினக்ஸுக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் இது தீர்ந்துவிடும். விண்டோஸின் விரைவுத் துவக்க வசதியையும் அணைத்துவிட வேண்டும். அது இயங்கினால் விண்டோஸ் முழுமையாக உறங்காமல் பாதிக் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாமல் போகும்.

புதுப்பிப்புகளின் கதை வேறு. 2024 ஒகஸ்ட் 13 இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு, பழைய துவக்கி (இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் நிரல்) உள்ள லினக்ஸ்களைச் செக்யூர் பூட் மறுக்கும்படி செய்தது. டூயல் பூட் கணினிகளை அது தொடாது என்று சொல்லியிருந்தார்கள், ஆனாலும் பலருடைய லினக்ஸ் மறுநாள் திறக்கவில்லை. இரண்டு இயங்குதளங்கள் ஒரே வாசலைப் பகிர்ந்தால் ஒன்றின் பூட்டு மற்றதை வெளியே நிறுத்தும் நாள் வரத்தான் செய்யும். இதற்கு மருந்தாகப் பலர் செக்யூர் பூட்டையே அணைத்துவிடச் சொல்கிறார்கள். அது தவறான அறிவுரை. உபுண்டு, மின்ட் என்னும் இரண்டு லினக்ஸ் வகைகளும் செக்யூர் பூட் இயங்கும்போதே பதியக்கூடியவை.

மெய்நிகர் கணினியில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. வட்டைப் பிரிக்க வேண்டாம், துவக்கியைத் தொட வேண்டாம், செக்யூர் பூட்டும் பிட்லொக்கரும் இருந்தபடியே இருக்கும். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஸ்னாப்ஷொட். வேலை தொடங்குமுன் அந்த நிலையைப் பதிவு செய்துவிட்டு, பிறகு லினக்ஸை என்ன பாடுபடுத்தினாலும் ஒரு சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். படிக்கிற பிள்ளைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இயங்குதளத்தை உடைத்துப் பார்க்காமல் யாரும் கற்றுக்கொண்டதில்லை, ஆனால் வீட்டாரின் புகைப்படங்கள் இருக்கும் வட்டில் அதை உடைக்கக் கூடாது.

ஆனால் ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது: மெய்நிகர் கணினிக்குள் இருந்து வங்கி வேலை செய்தால் பாதுகாப்பு என்பது. வெளியே உள்ள விண்டோஸில் விசைகளைத் திருடும் நிரல் ஒன்று உட்கார்ந்திருந்தால், உள்ளே நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. உள்ளே இருப்பது வெளியே வராமல் தடுக்க மெய்நிகர் கணினி நல்லது. வெளியே இருப்பதிலிருந்து உள்ளே இருப்பதைக் காக்க அதற்குச் சக்தி இல்லை. இந்த ஓர் இடத்தில் டூயல் பூட் வெல்கிறது, ஏனென்றால் லினக்ஸ் ஓடும்போது விண்டோஸ் ஓடுவதே இல்லை.

வெர்ச்சுவல்பொக்ஸின் ஜன்னல் ஓரத்தில் பச்சை ஆமை ஒன்று தெரிந்தால், விண்டோஸின் பாதுகாப்பு அம்சங்கள் பயன்படுத்தும் ஹைப்பர்-வி என்னும் மெய்நிகராக்க அமைப்பு பின்னணியில் இயங்குகிறது, அதனால் மெய்நிகர் கணினி மெதுவாகலாம் என்று பொருள். ஆமையை விரட்ட வேண்டும் என்று நினைவக ஒருமைப்பாடு என்னும் பாதுகாப்பை அணைப்பவர்கள் உண்டு. கொஞ்சம் வேகத்துக்காக அதை விற்க வேண்டாம்.

டூயல் பூட்டின் பாதுகாப்பையும் மிகையாக நம்பக் கூடாது. என் வீட்டு மேசைக் கணினியில் ஒரு நாள் சோதித்தேன். மின்ட் உள்ள பென் டிரைவைச் செருகித் துவக்கினேன். விண்டோஸ் பகுதியின் மேல் இருமுறை சொடுக்கியதும் அப்படியே திறந்தது. அப்பாவின் அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதியின் ஸ்கேன், தங்கையின் கல்யாணப் படங்கள்: கடவுச்சொல் எதுவும் கேட்கப்படவில்லை. குறியாக்கம் இல்லாத வட்டில் விண்டோஸின் கடவுச்சொல் விண்டோஸ் ஓடும்போது மட்டும்தான் காவல். கணினியைத் திருத்தக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் இதை நினைத்துக்கொள்கிறேன்.

அந்த மேசைக் கணினி 4 ஆம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 அதை ஏற்காது. இன்டெலில் 8 ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 உம் வேண்டும். விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்தது. பதிவு செய்தவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு. ஆனால் அப்பாவின் கோயில் கணக்குகளும் பழைய கடிதங்களும் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன, அச்சு இயந்திரமும் விண்டோஸோடுதான் ஒத்துப்போகிறது. இங்கே தயக்கமில்லாமல் டூயல் பூட் என்றேன். மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு அந்த 4 ஜிபியில் நன்றாகவே ஓடுகிறது. இணையம் முழுவதும் மின்டில். விண்டோஸ் 10 இல் இணைய இணைப்பையே முடக்கிவிட்டேன். அங்கே தட்டச்சும் அச்சும் மட்டும். பாமினி எழுத்துருக் கோப்பை மின்டிலும் நகலெடுத்துப் போட்டால் லிப்ரே ஒபிஸில் பழைய கடிதங்கள் சரியாகத் தெரிகின்றன என்று கண்டதிலிருந்து அப்பா விண்டோஸுக்குப் போவதும் குறைந்துவிட்டது.

விண்டோஸுக்குள் வரும் லினக்ஸ் துணை அமைப்பு கட்டளை வரியைக் கற்பவருக்குப் போதுமானது. ஆனால் அது விண்டோஸின் கோப்புகளைச் சாதாரணமாகவே திறக்கும் என்பதால் அதைத் தடுப்புச் சுவராக எண்ணக் கூடாது.

எந்த வழியாக இருந்தாலும் சில அமைப்புகளை இரு பக்கமும் பார்க்க வேண்டும். விண்டோஸில் முதலில் உருவாகும் கணக்கு நிர்வாகியின் கணக்கு. பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்குத் தனியாகக் கொடுங்கள். உபுண்டுவிலும் மின்டிலும் ஃபயர்வால் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும், நாம்தான் இயக்க வேண்டும். களவுப் பிரதி விண்டோஸ் உள்ள கணினி என்றால் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலை, அதாவது அது சோதிக்காமல் விடும் இடங்களின் பட்டியலை, திறந்து பாருங்கள். நகரத்தில் ஒரு கடையில் விண்டோஸ் போட்ட ஒரு நண்பரின் கணினியில் சி டிரைவ் முழுவதும் அந்தப் பட்டியலில் இருந்தது. பச்சைக் குறி காட்டிக்கொண்டே டிஃபெண்டர் எதையும் பார்க்காமல் இருந்திருக்கிறது. இப்படிப்பட்ட விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸ் வைத்துப் பயனில்லை. முதலில் அந்த விண்டோஸை அழித்து ஒழுங்காகப் பதிய வேண்டும்.

“அப்படியென்றால் நான் டூயல் பூட் போடக் கூடாதா மாமா?” என்று மருமகன் கேட்டான். அவனுடைய கணினியில் 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. பைத்தனும் தரவுத்தளமும் எங்கேயும் ஓடும். தேவை லினக்ஸைக் கற்பது மட்டும். மெய்நிகர் கணினி போதும் என்றேன். கடைக் கணக்கை நீக்கி, அக்காவின் பெயரில் கணக்குத் தொடங்கி, வட்டின் குறியாக்கத்தை ஒருமுறை அணைத்துத் திரும்ப இயக்கினோம். அப்படிச் செய்யும்போது புதிய சாவி உருவாகும், கடையில் இருந்தது இனி உதவாது. சுமார் 6 ஜிபி உள்ள உபுண்டுக் கோப்பை நள்ளிரவுக்குப் பிறகு பதிவிறக்கினான். காலையில் முதல் ஸ்னாப்ஷொட்டை எடுத்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினான். புதிய 48 இலக்கங்களை அக்கா கொப்பித் தாளில் இரண்டு முறை எழுதி, ஒன்றை அலுமாரியில் காணி உறுதியோடு வைத்தார், மற்றதை என்னிடம் தந்தார்.