கோடும் திரையுமா, எக்ஸ் அட்டையா?

வேளச்சேரியில் ஞாயிறுதோறும் ஐந்து பேர் டேபிள்டாப் ரோல்பிளே ஆடுகிறோம்; மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை வளர்க்கும் விளையாட்டு. கொடூரமான காட்சிகள் யாரையும் நோகடிக்காமல் இருக்க இந்த இரண்டு வழிகளையும் முயன்றோம்.

விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் எட்வர்ட்ஸின் 'கோடும் திரையும்' முன்கூட்டியே பேசி முடிவுசெய்வது. கோடு போட்டது கதையில் வரவே வராது. திரை போட்டது நடக்கும், விவரிக்க மாட்டோம். குழந்தை வதைக்குக் கோடு, சித்திரவதைக்குத் திரை. சரி, வெள்ளத்தை யார் நினைத்தோம்? கதையில் இரவோடு இரவாகத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியதும், 2015 டிசம்பரை மொட்டைமாடியில் கழித்த தோழியின் முகமே மாறிவிட்டது.

அப்போது ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டைதான் கைகொடுத்தது. மேசை நடுவில் கிடக்கும், X எழுதிய அட்டையைத் தொட்டால் போதும், காட்சி மாறும்; காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூச்ச சுபாவம் உள்ளவர் கை நீட்டத் தயங்குவார். அதனால் புதியவர் வந்தால் முதலில் கோடுதான் என்பேன்; அட்டை எப்போதும் மேசையில் இருக்கட்டும்.