கருங்கரடிக்கு எந்தக் கைத்துப்பாக்கித் தோட்டா?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஆகஸ்ட் கடைசியில் இரை வைத்துக் கரடி வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. மரத்தில் பரண் கட்டி, இரைப் பீப்பாயிலிருந்து பதினைந்து இருபது கஜம் தள்ளி உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் கரடி வருவது பொழுது சாயும் நேரத்தில்தான். கைத்துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. தூரம் குறைவு, கை ஊன்ற இடம் உண்டு, விலங்கு நின்று திரும்பும் வரை காத்திருக்கலாம். அந்தப் பரணை மனதில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

கடையில் பேச்சு எப்போதும் .357-ஆ, 10 மி.மீ.-ஆ, .44-ஆ என்றுதான் ஆரம்பிக்கும். நான் அதைத் திருப்பிப் போடச் சொல்வேன். முதலில் குண்டு எப்படிப்பட்டது என்று தீர்மானியுங்கள், அப்புறம் காலிபர், அதாவது குண்டின் விட்டம். ஏன் என்பதற்குக் கரடியின் உடம்பே பதில் சொல்கிறது.

குளிர்காலத் தூக்கத்துக்கு முன் கருங்கரடி ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும். அந்தச் சமயத்தில் தோலுக்கடியில் கொழுப்பு தடிமனாகப் படிந்திருக்கும். குண்டு நுழைந்த துளையை இந்தக் கொழுப்பு வந்து அடைத்துக்கொள்கிறது. கசிகிற ரத்தத்தையும் அடர்ந்த ரோமம் பஞ்சு மாதிரி உறிஞ்சிவிடும். மானுக்குக் கிடைப்பதுபோன்ற ரத்தத் தடம் கரடிக்குக் கிடைக்காது. பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் நுழையும் துளை உடம்பின் மேல்பக்கம் அமைகிறது. குண்டு மறுபக்கம், தாழ்வாக, வெளியேறாவிட்டால் ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கிவிடும், தரையில் ஒரு சொட்டும் விழாது. இருட்டில், புதர்க்காட்டில், அடிபட்ட கரடியை அப்புறம் எதை வைத்துத் தேடுவது? அடித்த விலங்கைக் கண்டுபிடிக்காமல் விடுவது வேட்டைக்காரன் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. அதனால் எனக்கு முதல் கேள்வி, குண்டு இரண்டு துளை போடுமா என்பதே.

இங்கே போட்டி இரண்டு வகைகளுக்குள். ஒன்று, விரியும் குண்டு. செப்பு உறையும் ஈய உள்ளீடும் கொண்ட ஹாலோ பாயின்ட் (மூக்கில் குழி உள்ளது) அல்லது சாஃப்ட் பாயின்ட் (மூக்கில் ஈயம் வெளியே தெரிவது). இன்னொன்று ஹார்ட் காஸ்ட். ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து கடினமாக வார்த்த, மூக்கு அகலமாகவும் தட்டையாகவும் உள்ள குண்டு.

விரியும் குண்டு உள்ளே போனதும் காளான்போல் மலர்கிறது. நுரையீரலில் பெரிய காயம் உண்டாவதால் விலங்கு சீக்கிரம் விழுகிறது. ஆனால் மலர மலர அதன் ஓட்டம் குறைகிறது. கொழுப்பும் சதையும் தாண்டி, முன்சப்பை எலும்பில் பட்டால் மறுபக்கத் தோலுக்கடியிலேயே நின்றுபோகலாம். மனிதத் தாக்குதலிலிருந்து தற்காத்துக்கொள்ளச் செய்த ஹாலோ பாயின்ட்டை எடுத்துப் போகிறவர்களுக்கு நேர்வது இதுதான். அது ஆழம் போகாமல் நிற்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது, அதைக் கரடிக்கு வைப்பது விலங்குக்குச் செய்யும் அநியாயம். வேட்டைக்கென்று செய்தவை வேறு ரகம். ஹார்னடி நிறுவனத்தின் எக்ஸ்டிபி ஹாலோ பாயின்ட் போன்றவை நிதானமாக, அளவோடு விரிகின்றன.

ஹார்ட் காஸ்ட் விரியாது. எலும்பை உடைத்துக்கொண்டு ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், வெளியேறுவது கிட்டத்தட்ட உறுதி. மூக்கின் தட்டைப்பரப்பு சதையை நசுக்கிக்கொண்டு போவதால் காயம் நன்றாகவே இருக்கும். மூக்கு உருண்டையாக இருந்தால் சதையை விலக்கிவிட்டு நழுவிவிடும், அதனால் தட்டை மூக்கு இல்லாத ஹார்ட் காஸ்ட்டை வாங்காதீர்கள். குறை என்னவென்றால், நுரையீரலில் மட்டும் பட்டால் துளை குறுகலாக இருக்கும், கரடி இன்னும் கொஞ்ச தூரம் ஓடிவிடும். வெளியேறிய பிறகும் குண்டில் வேகம் மிச்சமிருக்கும் என்பதால் பின்னால் இன்னொரு விலங்கோ ஆளோ இல்லை என்று பார்த்துக்கொள்வது கட்டாயம்.

சரி, காலிபருக்கு வருவோம்.

1935-இல் வந்த .357 மேக்னம் நல்ல தோட்டாதான், ஆனால் கரடிக்கு அது கீழ்விளிம்பு. 158 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு வினாடிக்கு 1,250 அடி வேகத்தில் கிளம்பினால் ஆற்றல் சுமார் 548 அடி-பவுண்டு. அதுவும் நீண்ட சோதனைக் குழலில் கிடைக்கும் கணக்கு, நான்கு அங்குல ரிவால்வரில் அவ்வளவு வராது. இந்தக் காலிபரில் விரிவும் ஆழமும் சேர்ந்து கிடைப்பது கடினம். அதனால் 180 கிரெயின் ஹார்ட் காஸ்ட், பக்கவாட்டாக நிற்கும் கரடி, பதினைந்து கஜத்துக்குள் என்ற நிபந்தனைகளோடு மட்டுமே சம்மதிப்பேன்.

1983-இல் அறிமுகமான 10 மி.மீ. ஆட்டோ இப்போது காட்டுக்குப் போகிறவர்களிடம் மிகவும் பிரபலம். பிஸ்டலில் பதினைந்து தோட்டா, உதையும் தாங்கக்கூடியது. 220 கிரெயின் ஹார்ட் காஸ்ட் 1,200 அடி வேகத்தில் சுமார் 700 அடி-பவுண்டு தருகிறது. ஆனால் 15 தோட்டா என்பது தற்காப்புக்கான வசதி. வேட்டையில் முதல் குண்டு சரியாகப் போவதுதான் கணக்கு. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பழைய கிளாக் பிஸ்டல்களில் உள்ள பாலிகோனல் (உட்புறம் பலகோண வடிவிலான) குழலில் உறையில்லாத ஈயக் குண்டு வேண்டாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ஈயம் படிந்து அழுத்தம் கூடும். அடுத்தது, அகல மூக்குக் குண்டு எல்லா பிஸ்டலிலும் சிக்காமல் ஏறாது. ஓரிரு பெட்டியாவது சுட்டுப் பார்க்காமல் நம்பக்கூடாது. வேட்டையில் தானியங்கிப் பிஸ்டலை அனுமதிக்காத மாநிலங்களும் உண்டு.

நான் பரணுக்கு எடுத்துப்போவது .44 மேக்னம். துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத் பழைய .44 ஸ்பெஷல் தோட்டாவில் தானே மருந்து ஏற்றிப் பல வருடம் சுட்டுக் காட்டி, விடாமல் வலியுறுத்தியதன் விளைவாக 1955-இல் வந்த தோட்டா இது. 240 கிரெயின் எக்ஸ்டிபி 1,350 அடி வேகத்தில் 971 அடி-பவுண்டு. குழல் குட்டையாக இருந்தால் இதுவும் குறையும் என்றாலும், விரிவும் ஊடுருவலும் ஒரே குண்டில் ஓரளவு நம்பிக்கையோடு கிடைப்பது இந்த இடத்திலிருந்துதான். அசையாமல் பக்கம் காட்டி நிற்கும் கரடிக்கு இதுவே என் தேர்வு. நாய்களை வைத்து வேட்டையாடுகிறவர்களுக்கு மட்டும் வேறு சொல்வேன். அங்கே கோணம் நம் கையில் இல்லை, 300 கிரெயின் சுற்றளவில் ஒரு ஹார்ட் காஸ்ட் நல்லது. எடை குறைந்த ரிவால்வரில் இந்தக் கனமான குண்டுகளைப் போட்டால் உதையின் அதிர்வில் மற்ற தோட்டாக்களின் குண்டு முன்னே நகர்ந்து சிலிண்டர் சுழலாமல் நின்றுவிடலாம். அதையும் முன்கூட்டியே சோதியுங்கள்.

.45 கோல்ட்டில் கனத்த தோட்டாக்கள் .44-க்கு இணையாக நிற்கும். ஆனால் ரூகர் பிளாக்ஹாக் போன்ற வலுவான ரிவால்வர்களுக்கு மட்டுமே அவை. பழைய கோல்ட் வடிவத் துப்பாக்கிகளில் போட்டால் சிலிண்டர் வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. .41 மேக்னம் அருமையானது, ஆனால் தோட்டா கிடைப்பது அரிது.

.454 காசுல் 300 கிரெயின் குண்டை 1,650 அடி வேகத்தில் அனுப்புகிறது, 1,800 அடி-பவுண்டுக்கு மேல். 2003-இல் வந்த .500 மேக்னம் அதையும் தாண்டியது. கருங்கரடிக்கு இவ்வளவு தேவையில்லை. ஒரு சிலிண்டர் சுட்டு முடிப்பதற்குள் என் கண் தானாக மூடத் தொடங்குகிறது, அதன்பின் குறி கீழே இறங்கிவிடுகிறது. தவறான இடத்தில் பட்ட .454-ஐவிடச் சரியான இடத்தில் பட்ட .44 ஆயிரம் மடங்கு மேல்.

கலிபோர்னியாவில் வேட்டையாடுகிறவர்களுக்கு இந்த ஈயக் கணக்கு எதுவும் உதவாது. 2019 ஜூலை முதல் அங்கே எல்லா வேட்டைக்கும் ஈயம் தடை. கான்டோர் கழுகுகள் ஈயம் கலந்த சடலத்தைத் தின்று சாவதைத் தடுக்க வந்த சட்டம், நல்ல சட்டம். முழுச் செப்புக் குண்டு விலை அதிகம், ஆனால் எடை உதிராமல் விரிந்து ஆழமாகப் போகும். மற்ற மாநிலங்களிலும் யோசித்துப் பார்க்கத் தகுந்தது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், வேட்டைக்குக் கொண்டுபோகப் போகும் அதே தோட்டாவால் குறி சரிபார்க்க வேண்டும். காதடைப்பு அவசியம், பரணிலும்தான். ஒரு காகிதத் தட்டை இருபது கஜத்தில் வைத்து, பரணில் உட்காரும் அதே நிலையில் ஐந்து முறை சுடுங்கள். ஐந்தும் தட்டுக்குள் விழாவிட்டால் தட்டைப் பதினைந்து கஜத்துக்கு நகர்த்துங்கள். எந்தத் தூரத்தில் ஐந்தும் விழுகிறதோ, பீப்பாயைப் பரணிலிருந்து அந்தத் தூரத்துக்குள் வையுங்கள்.